ஓரப்பெட்டி சொன்ன பலன்

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு, ராகு காலம் கழிந்த கையோடு, என் ஜோதிட நிலையத்தில் கணினி பிரவேசம் இனிதே நடந்தது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள் பிரதீபா இதற்காகவே ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். தாராபுரத்தில் கணினி வைத்துப் பலன் சொல்லும் ஆறாவது ஜோதிடர் நான் என்கிறாள். மற்ற ஐந்து பேரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

கணினி வாங்கியது காலத்தோடு ஒத்துப் போவதற்காக. வேறு காரணம் எதுவும் இல்லை. போன மாதம் நான் கையால் எழுதிக் கொடுத்த ஜாதகத்தில் கட்டத்தின் கோடுகள் நெளிந்திருக்கின்றன என்று குண்டடத்துக்காரர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தது உண்மைதான். அது பேனாவின் கோளாறு. நான்கு பேனா மாற்றிவிட்டேன். நான்கும் கோளாறு.

உள்ளறையில் இருக்கும் ஒரே பிளக் மின்விசிறிக்குப் போய்விட்டது. ஆகவே வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் முன்னறையில்தான் கணினியை வைத்தோம். அவர்கள் பிறந்த நேரத்தை அங்கே வைத்தே பஞ்சாங்கத் தளத்தில் அடித்து, கட்டத்தை அச்செடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பலன் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு தளமும் திறக்கும்போதே குக்கீ வைத்துக்கொள்ளட்டுமா என்று அனுமதி கேட்கிறது. வாசலில் வந்து நின்று கேட்பவரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பது என் சுபாவம் அல்ல. "அனைத்தையும் ஏற்கிறேன்" என்பதை அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் முப்பது தளங்களுக்காவது சம்மதம் கொடுத்திருப்பேன்.

மனைவி வளர்மதி காபி கொடுத்தாள். டம்ளரின் விளிம்பு சரியில்லை. பாதி வேட்டியில்.

ஜூன் 5, புதன்

இன்று ஓர் அதிசயம்.

என் நிலையத்தில் ஒரு விதி உண்டு. வருகிறவர்கள் கைபேசியை அணைத்து வாசலில் உள்ள மூங்கில் தட்டில் போட்டுவிட வேண்டும். பலன் சொல்லும்போது யாருடைய பாக்கெட்டிலாவது குத்துப்பாட்டு அடித்தால் குரு பகவான் எப்படிப் பேசுவார்? இதனால் முன்னறையில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போவதில்லை. இப்போது கணினியை நோண்டுகிறார்கள். நானும் தடுக்கவில்லை.

கோழிப்பண்ணை செங்கோடன் இப்படி அரை மணி நேரம் நோண்டிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிவிட்டு நான் பஞ்சாங்கத் தளத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி. அடுத்த பக்கம் போனேன், நீர்மூழ்கி மோட்டார். அடுத்ததில், தண்ணீர் வராத போர்வெல்லைச் சரிசெய்து தருகிறோம், அழையுங்கள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டத்தைப் பார்த்தேன். நான்காம் வீட்டில் சந்திரன். வாயில் தானாக வந்தது.

"தண்ணி சம்பந்தமா மனசுல ஒரு அரிப்பு இருக்குதே?"

செங்கோடன் எழுந்து நின்றுவிட்டார். "சாமி, இத நான் என்ற பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லலீங். மூணு எடத்துல போட்ட போரும் வெறும் பொகைங்!"

சந்திரன் நான்கில் இருந்தால் தண்ணீர்தான். இதில் ஓரப்பெட்டிக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 8, சனி

கூட்டம் தாங்கவில்லை. செங்கோடன் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். இன்று மட்டும் ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்குப் பழைய டிராக்டர் வாங்கும் ஆசை, ஒரு அம்மாவுக்கு முடி கொட்டும் கவலை, அவர் கணவருக்குக் குறட்டை. எல்லாம் வாய் திறப்பதற்குள் சொன்னேன். குறட்டையைச் சொன்னதும் அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

வாசல் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தோம். நான் தூக்கிய குடம் மட்டும் தளும்பியது. தரை மேடு பள்ளம்.

ஜூன் 9, ஞாயிறு

பிரதீபாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, அது கிரகம் இல்லீங்ப்பா. குக்கீ."

பிறகு விளக்கினாள். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் டோக்கன் கொடுக்கிறார்கள் அல்லவா, அதுபோல ஒரு தளத்துக்குள் நாம் போனால் அது நம் கணினியில் ஒரு சின்னச் சீட்டை வைத்துவிடுகிறதாம். மறுபடி போகும்போது அந்தச் சீட்டைப் பார்த்து, ஓ நீயா, வா என்கிறதாம். இது நல்ல சீட்டு. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாம் யார் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

"இன்னொண்ணு இருக்குதுங்ப்பா. செருப்பு பாத்துக்கற அதே ஆளு பழனி, மருதமலை, சென்னிமலைன்னு எல்லாக் கோயில்லயும் ஒக்காந்திருந்தா எப்புடி? நீங்க எந்தக் கோயிலுக்கு எப்பப் போனீங்க, எத்தன நேரம் நின்னீங்கன்னு எல்லாம் அவனுக்குத் தெரியுமில்ல? வெளம்பரக் கம்பெனி அப்புடித்தான். ஆயிரம் தளத்துல அவன் பொட்டி இருக்குது. எல்லா எடத்துலயும் அவன் சீட்ட அவனே படிச்சுக்கறான்."

"அதுக்கு நான் சம்மதிக்கவே இல்லையே?"

"முப்பது தடவ சம்மதிச்சிருக்கீங்க."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"வெளையாட்டு இல்லீங்ப்பா. அவங்க மனசுக்குள்ள வெச்சிருக்கறத அவங்களுக்குத் தெரியாம எடுத்து, அவங்ககிட்டயே பலன்னு சொல்லிட்டு இருக்கீங்க. தப்புங்ப்பா" என்றாள். அதற்குமேலும் ஏதோ சொன்னாள், சீட்டு கணினிக்குத்தானே தவிர அதன் முன்னால் உட்காரும் ஆளுக்கு இல்லை என்று. அதற்குள் வளர்மதி சூடாக வடை கொண்டுவந்துவிட்டாள். கவனிக்க முடியவில்லை.

ஜூன் 12, புதன்

ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அர்த்தநாரி வந்தார். வயது எழுபத்தொன்று. கண்ணியமானவர். அவருக்குக் கட்டம் போடும்போது ஓரப்பெட்டியில் தொட்டில், பால் புட்டி, குழந்தைக்கான கொசுவலை, மறுபடி தொட்டில். ஐந்தாம் வீட்டில் குருவும் இருந்தார். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

"வீட்டுல தொட்டில் ஆடப் போகுதுங்" என்றேன்.

"பேரப் பசங்க காலேஜ் படிக்கறாங்களே ஜோசியரே?"

"பேரன் இல்லீங். உங்க புத்திர ஸ்தானம் பேசுது."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கைபேசியைக்கூடத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 13, வியாழன்

அர்த்தநாரியின் மனைவி வந்தார். கைபேசிக்காக என்று நினைத்தேன். கையில் குடை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

"எந்த ஊர்க்காரிங் அவ?"

"யாரைக் கேக்கறீங்கம்மா?"

"தொட்டில் ஆட்டறவ!"

அரை மணி நேரம் கிரகங்களைக் காட்டிக் கெஞ்சினேன். கடைசியில், அர்த்தநாரிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தது அலங்கியத்திலிருந்து வந்த ஒரு மாசமான பெண் என்பது எனக்கு நினைவு வந்தது. பிரதீபா வடைக்கு முன்னால் சொன்னது அப்போதுதான் புரிந்தது. சீட்டு கணினிக்கு, ஆளுக்கு அல்ல. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பஞ்சாங்கத்தில் அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பித்தேன்.

வளர்மதி சமையலறையில் சிரித்த சத்தம் கேட்டது. வெளியே வரும்போது முகத்தை நேராக்கிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 14, வெள்ளி

மதியம் வளர்மதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பொது அறிவுக்காகக் கணினியில் சிலது படித்தேன். காற்று அதிகமாக இருந்ததால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

ஓரப்பெட்டியில் காலையிலிருந்து நரம்பியல் டாக்டர்கள். கை நடுக்கமா, கவலை வேண்டாம். நடுங்கும் கைக்கென்றே கனமாகச் செய்த ஸ்பூன். நடுக்குவாதத்தின் பத்து ஆரம்ப அறிகுறிகள்.

வாடிக்கையாளர்களில் யாருக்கோ கை நடுங்குகிறது. பாவம், யாரோ தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாருடைய கையையும் கவனித்தேன். எல்லாம் கல்தூண் மாதிரி இருக்கின்றன.

ஜூன் 18, செவ்வாய்

அந்த ஆளைப் பற்றியே நினைவு. வயது ஐம்பத்துச் சொச்சம் இருக்கும் என்று தோன்றுகிறது. வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் மறுநாளே பெண்டாட்டி அழுவாள், மகள் லீவு போட்டு வருவாள், ஊரெல்லாம் வந்து உட்கார்ந்து கையையே பார்ப்பார்கள். சொல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

முருங்கைக்காய் பறித்தேன். கொக்கி மாட்டவே இல்லை. வளர்மதி வந்து பறித்தாள்.

ஜூன் 21, வெள்ளி

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

மூலனூர் பக்கமிருந்து ஒரு அப்பா, அம்மா, பெண். பெண் பெயர் நித்திலா, நர்ஸிங் முடித்தவள். ஆவணியில் முடித்துவிட வேண்டும் என்று வரன் ஜாதகத்தோடு வந்திருந்தார்கள். பெரியவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை நான் ஜாக்கிரதையாகவே இருந்தேன். காலையில் அவர்கள்தான் முதல் ஆள், வேறு யாரும் தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்.

ஓரப்பெட்டியில் ஜெர்மன் மொழி வகுப்பு. ஜெர்மனியில் நர்ஸ் வேலை. விசா.

உள்ளே உட்கார்ந்ததும் கம்பீரமாகச் சொன்னேன். "பாப்பாவுக்குக் கடல் தாண்டற யோகம் இருக்குது. ஜெர்மனி மாதிரி ஒரு தேசம். அதுக்குண்டான படிப்பக்கூட இப்பவே ஆரம்பிச்சாச்சு போலத் தெரியுதே?"

அப்பா பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "என்ன அம்மிணி சொல்றாரு இவரு?"

அவளுடைய தலை குனிந்துவிட்டது. மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

தட்டிலிருந்து கைபேசியை எடுக்க அவள் மட்டும் திரும்பி வந்தாள். "நான் இத உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. மதியம் சாப்பிடவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

பிரதீபாவை உட்கார வைத்துக் குக்கீகளை அழிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டேன். மூன்று அழுத்தல்தான். ஒரு ஊரின் மூட்டுவலி, டிராக்டர், குறட்டை, தொட்டில் எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டன. இனி சம்மதம் கேட்டால் "தேவையானது மட்டும்" என்பதை அழுத்த வேண்டும் என்றாள். அந்தப் பொத்தானை எத்தனை மங்கலாக, எத்தனை சின்னதாக வைத்திருக்கிறார்கள்! கணினிக்கு மேல் துண்டைப் போர்த்தி, வாடிக்கையாளர் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினோம். பிரதீபாதான் எழுதினாள். என் கண்ணாடி பழையது.

மூங்கில் தட்டையும் எடுத்துவிட்டேன். அவரவர் போன் அவரவரிடமே இருக்கட்டும்.

ஜூன் 26, புதன்

நித்திலாவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். வரன் ஜாதகத்தை மறுபடி நுணுக்கமாகப் பார்த்ததாகவும், சனி பகவான் இரண்டு வருஷம் கண்டிப்பாகக் கேட்கிறார் என்றும், அதுவரை பெண் ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் தோஷம் தானாகக் கழியும் என்றும் சொன்னேன்.

"ஜெர்மன் படிச்சாலும் கழியுங்களா?" என்று கேட்டார்.

"அது படிச்சாச் சீக்கிரமாவே கழியும்" என்றேன்.

முப்பது வருஷத் தொழிலில் கிரகங்களை இவ்வளவு துணிச்சலாக நான் வேலை வாங்கியதில்லை. இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 29, சனி

கூட்டம் குறைந்துவிட்டது. செங்கோடனிடம், உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஏமாற்றமாகப் பார்த்தார். ஆனால் சொன்னார். ஒரு மணி நேரம் சொன்னார்.

ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. நான் தினமும் சாயங்காலம் தவறாமல் எல்லாவற்றையும் அழிக்கிறேன். கணினியை வேறு யாரும் தொடுவதில்லை. ஆனாலும் மறுநாள் மதியத்துக்குப் பிறகு ஓரப்பெட்டியில் மறுபடி நரம்பு டாக்டர், கனமான ஸ்பூன். ஊரில் உள்ள எல்லாரும் போய்விட்டார்கள், அந்த ஆள் மட்டும் போக மாட்டேன் என்கிறார்.

ஜூலை 3, புதன்

கேஸ் சிலிண்டர் பதிய வளர்மதி கணினியில் உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன்.

"ஏனுங், கை நடுங்கற ஆளு யாருங்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரோ ஒரு வாடிக்கையாளர்."

"நீங்கதான் அவங்களத் தொட உடறதே இல்லியே?"

"பழைய வாடிக்கையாளர்."

"பேரு?"

"தொழில் ரகசியம் வளரு. சொல்லக் கூடாது."

"சரிங்" என்று சொல்லி சிலிண்டரைப் பதிந்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான். அவளுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஜூலை 4, வியாழன்

காபி அரை டம்ளர்தான் வந்தது. கேட்டால் பால் குறைவு என்கிறாள். மதியம் இட்லியும் கெட்டிச் சட்னியும். சாம்பார் எங்கே என்றேன். இன்றைக்குப் பருப்பு வேகவில்லையாம்.

ஜூலை 7, ஞாயிறு

தொடர்ந்து நான்கு நாட்களாகப் பருப்பு வேகாத வீடு இந்தக் கொங்கு நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிரதீபா இந்த வாரம் வரவில்லை. ஆனால் அம்மாவும் மகளும் போனில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் போனால் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். மழை பெய்து மூன்று வாரமாகிறது.

ஜூலை 10, புதன்

காலையில் இரண்டு பேர்தான் காத்திருந்தார்கள். முதல் ஆளை அனுப்பிவிட்டு, அடுத்தவங்க வாங்க என்றேன். வளர்மதி வந்தாள். பட்டுப்புடவை. கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம். எதிரே இருக்கும் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன வளரு இது?"

"வரிசைல வந்திருக்கறனுங். என்ற வூட்டுக்காரருக்குப் பாக்கோணும்."

வெளியே இன்னொருவர் காத்திருக்கிறார் என்று சைகை காட்டினேன். கண்டுகொள்ளவில்லை.

"அவருக்கு சோத்தாங்கைல ஒரு உபத்திரவமுங். பேனாவக் கொற சொல்றாரு, டம்ளரக் கொற சொல்றாரு, கொடத்தக் கொற சொல்றாரு. கையச் சொல்ல மாட்டீங்கறாரு. ஊர்ல இருக்கற அத்தன பேரு ரகசியத்தையும் அந்தப் பொட்டி அவருகிட்டச் சொல்லுச்சு. அவரு ரகசியத்த எங்கிட்டச் சொல்லிருச்சுங்."

நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியோணும். இருவத்தாறு வருஷமாக் கூட இருக்கறன். தெனமும் மத்தியானம் கதவத் தாப்பாப் போட்டுட்டு ஒரு மெஷினுகிட்டச் சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்கு, எங்கிட்டச் சொல்ல எந்தக் கெரகம் குறுக்க நிக்குதுங்? பாத்துச் சொல்லுங்."

பஞ்சாங்கத்தை எடுத்தேன். பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது. மூடி வைத்தேன்.

"கிரகம் எதுவும் இல்ல" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பச் சரி. வெள்ளிக்கெழம பத்தே முக்காலுக்குக் கோயமுத்தூர் டாக்டருகிட்டப் பேரு குடுத்திருக்குது. பிரதீபா அங்கயே வந்துர்றா" என்றாள்.

"வெள்ளி பத்தே முக்கால் ராகு காலம்."

"ராகு காலத்துலதானுங் அந்த டாக்டர் இருக்கறாரு."

தட்சணையைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

வெளியே காத்திருந்தவர் உள்ளே வந்து உட்கார்ந்து, "சாமி, அந்தம்மா சொன்னதுதானுங் சரி" என்றார். அவருக்குப் பலன் சொல்ல எனக்கு மனம் ஓடவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இதை எழுதுவது வளர்மதி. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பஸ்ஸில் எழுதுவதால் எழுத்து ஆடும். இந்த முறை நிஜமாகவே பஸ்தான் காரணம்.

டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாக வரையச் சொன்னார். நடுக்குவாதம் இல்லையாம். பரம்பரையாகச் சில குடும்பங்களில் வருகிற நடுக்கமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். குறையும், முழுக்கப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். முன்னாடியே வந்திருந்தால் இத்தனை நாள் பயந்திருக்க வேண்டாமே என்று டாக்டர் கேட்டதற்கு, நான் பயப்படவில்லை, பொது அறிவுக்காகத்தான் படித்தேன் என்று இவர் சொன்னார். பிரதீபா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இனி எழுத முடியாத நாளில் வளர்மதி எழுதுவாள் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.

முன்பக்கங்களைப் படிக்கலாமா என்று கேட்டேன். கேட்காமலே படித்திருக்கலாம், நோட்டு மூன்று மணி நேரமாக என் மடியில்தான் இருக்கிறது. பல்லடத்தில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குண்டடம் வந்த பிறகு, "படி" என்றார். படித்தேன். சாம்பார் விஷயத்தில் என்மேல் இவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியாது.

இன்றைய வரவு செலவு எதுவும் எழுத வேண்டாம், இத்தோடு நிறுத்து என்கிறார். ஒன்று பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் "மருதாசலம்" என்று பெயரைக் கூப்பிட்டபோது இவர் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குது வளரு" என்றார். இதை எழுதக் கூடாது என்கிறார். எழுதிவிட்டேன்.